கப்பலேறிப் போய்த்தான் ஆகணுமா?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. இதயம், ரத்த ஓட்டம், கம்ப்யூட்டர் சிமுலேஷன் என்றெல்லாம் பேசப்போகிறேன். பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் வட்டிக் கணக்கு பார்ப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கச்சாலுக்கு மாற்றலாகி வந்திராவிட்டால் நானும் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன்.

கச்சால் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்காக (எனக்கும் மாற்றல் ஆர்டர் வரும்வரை தெரியாது!) ஒரு சின்ன அறிமுகம். நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் நடுவில் இருக்கும் ஒரு தீவு. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை மூவாயிரத்துக்கும் குறைவு. பெரும்பாலும் நிக்கோபாரி மக்கள். கூடவே நம் தமிழர்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்களில் சிலரை 1970களில் ரப்பர் தோட்ட வேலைக்காக இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். 2004 டிசம்பர் சுனாமி இந்தத் தீவை உலுக்கிப் போட்டது. யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்தாவது நிமிஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கும்.

இங்கே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அதற்கு மேல் என்றால் கப்பல் பிடித்துப் போர்ட் பிளேர் போக வேண்டும் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்). அதற்கும் மேல் என்றால் அங்கிருந்து விமானம், சென்னை. ஹெலிகாப்டர் உண்டு, அவசர நோயாளிகளுக்கு முன்னுரிமையும் உண்டு. மழை மூடிக்கொண்டால் அதுவும் கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் கடல் என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம்.

அதனால் இந்த ஊரில் எந்த நோயும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் முடியும். கப்பலேறிப் போய்த்தான் ஆகணுமா?

இந்தக் கேள்வியோடு ஒரு பெரியவர் என் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்தார். மலையகத்திலிருந்து வந்த குடும்பம். கையில் துணியில் முடிந்த ஒரு சங்கிலியும் ஒரு ஜோடி தோடும். நகைக்கடன் வேண்டும். காரணம், பேத்தி. பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் உடல் பரிசோதனைக்கு வந்த டாக்டர் அவள் தொடை இடுக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம். நாடி ரொம்ப மெலிதாக இருந்திருக்கிறது. கையில் ரத்த அழுத்தம் 138, காலில் 104. போர்ட் பிளேருக்கும், அநேகமாகச் சென்னைக்கும் போக வேண்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"சார், புள்ள ஓடுது, ஆடுது, மரம் ஏறுது. கால்ல நாடி சரியில்லன்னு சொல்றாங்க. இதுக்காகக் கப்பலேறித்தான் ஆகணுமா? அவ்வளவு தூரம் போய் இறங்கி, ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிட்டா?"

சுனாமியில் மகனைப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு கடல் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டவர். சிகிச்சைச் செலவுக்கு அரசுத் திட்டங்கள் இருக்கின்றன என்பது அவருக்கும் தெரியும். தங்குவது, சாப்பிடுவது, கூடப் போகிற இரண்டு பேர் வேலையை விடுவது... இதற்கெல்லாம் திட்டம் ஏது? "டாக்டர் சொன்னால் போய்விட்டு வாருங்கள் ஐயா" என்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடன் அன்றே பாஸ் ஆனது. குடும்பம் கிளம்பியது.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பெருந்தமனிச் சுருக்கம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், தலைக்கும் கைகளுக்கும் கிளைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கும் இடத்தில், பிறவியிலேயே இறுகிப்போயிருக்கிறது. மேலே அழுத்தம் ஏறும், கீழே குறையும். சிறுநீரகங்கள் கீழே இருப்பதால், ரத்தம் போதவில்லை என்று நினைத்து அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிடும். பிள்ளை ஓடும், ஆடும், மரம் ஏறும். இதயம் மட்டும் சத்தமில்லாமல் அதிக வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். அறுவை சிகிச்சை வராத காலத்தில் இந்தக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வயதைத் தாண்டியதில்லை. 1944இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் என்ற சர்ஜன் ஒரு சிறுவனுக்குச் சுருங்கிய துண்டை வெட்டியெடுத்து இரண்டு முனைகளையும் இணைத்தார். அதுதான் தொடக்கம்.

சுருக்கம் இருப்பது தெரிந்துவிட்டது. அதைத் தொடணுமா, விட்டுவைத்துப் பார்க்கலாமா? இங்கேதான் எண்கள் வருகின்றன. எண் என்றதும் எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது.

சுருக்கத்துக்கு முன்னால் ஓர் அழுத்தம், பின்னால் ஓர் அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 20 அல்லது அதற்கு மேல் என்றால் பொதுவாகச் சரிசெய்ய வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். (பி.பி. பார்க்கும்போது 120/80 என்கிறோமே, அதே மில்லிமீட்டர் பாதரசக் கணக்கு.) கை பி.பி. எவ்வளவு, இதயச் சுவர் தடித்திருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஆனாலும் அந்த 20 முக்கியமான கோடு.

இதை எப்படி அளப்பது? முதல் வழி எக்கோ. ஒலி அலையை அனுப்பி, இடுக்கில் ரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று பார்க்கிறார்கள். பிறகு ஒரு சின்னக் கணக்கு. வேகத்தை (ஒரு விநாடிக்கு இத்தனை மீட்டர்) அதாலேயே பெருக்கி, நான்கால் பெருக்கினால் அழுத்த வித்தியாசம். அவ்வளவுதான்! பதினெட்டாம் நூற்றாண்டின் பெர்னூலி விதியைச் சுருக்கிச் செய்த சூத்திரம். அந்தப் பெண்ணுக்கு வேகம் 3.5. பன்னிரண்டே காலை நான்கால் பெருக்கினால் 49.

49 என்பது 20க்கு எவ்வளவோ மேலே. அப்புறம் என்ன யோசனை? எக்கோ இந்த இடத்தில் கூட்டிச் சொல்வது வழக்கமாம். இடுக்கைத் தாண்டியதும் ரத்தத்தின் வேகம் குறையும்போது, இழந்த அழுத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். சுருக்கப்பட்ட சூத்திரத்துக்கு அது தெரியாது. இடுக்குக்கு வருவதற்கு முன்பே இருந்த வேகத்தையும் அது கழிப்பதில்லை. அதனால் இரண்டாவது வழி: தொடை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டு, சுருக்கத்துக்கு இரண்டு பக்கமும் நேராக அளப்பது. மயக்க மருந்து, கதிர்வீச்சு, ஊசி போன இடத்தில் ரத்தக்குழாய்க்கு ஆபத்து என்று அதற்கும் ஒரு பட்டியல் உண்டு. கதீட்டருக்குத் தேதி கிடைக்கக் குடும்பம் மூன்று வாரம் சென்னையில் காத்திருந்தது.

உள்ளே போய் அளந்தபோது 28. எக்கோ சொன்னதில் பாதியை விடக் கொஞ்சம் அதிகம். கோட்டுக்கு மேலேதான். அதே அமர்வில் பலூனால் விரித்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். வித்தியாசம் 4க்கு இறங்கியது. பிள்ளை வளர வளர இன்னொரு முறை விரிக்க வேண்டியிருக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பெரியவர் கடன் தவணை கட்ட வந்தபோது இதையெல்லாம் சொன்னார். கேட்டதிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல். குழாயின் வடிவம் ஸ்கேனில் தெரிகிறது. ஓடும் ரத்தத்தின் அளவு தெரிகிறது. அப்படியானால் உள்ளே குழாய் விடாமல் அந்த 28ஐக் கணக்குப் போட்டே எடுக்க முடியாதா?

முடியும் என்று ஒரு துறையே ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

1972இல் நியூயார்க்கில் சார்லஸ் பெஸ்கின் என்ற கணிதக்காரர் இதய வால்வைச் சுற்றி ரத்தம் ஓடுவதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டார். இன்றைக்குச் செய்யும் முறையை எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலிருந்து அந்த நோயாளியின் ரத்தக்குழாயை அச்சு அசலாகக் கம்ப்யூட்டருக்குள் வரைந்துகொள்கிறார்கள். அதைப் பல லட்சம் குட்டிக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பேரேடு. உள்ளே வந்த ரத்தமும் வெளியே போன ரத்தமும் சரியாக இருக்க வேண்டும். பற்று - வரவு! அதோடு, தள்ளும் விசை, உரசல், வேகமாற்றம் மூன்றும் ஒன்றுக்கொன்று டேலி ஆக வேண்டும். நேவியரும் ஸ்டோக்ஸும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய சமன்பாடுகள்தான் அடிப்படை. ஒரு இதயத்துடிப்பை ஆயிரக்கணக்கான நொடித்துணுக்குகளாக்கி, ஒவ்வொரு துணுக்குக்கும் அத்தனை லட்சம் கட்டங்களையும் டேலி செய்துகொண்டே போனால், எந்தப் புள்ளியில் என்ன அழுத்தம், என்ன வேகம் என்று வந்துவிடும்.

கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் புராஜெக்ட் ரிப்போர்ட் படித்தே தலை நரைத்தவன் நான். லாபம் எவ்வளவு வரும் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருப்பதை நாங்கள் கடைசியில்தான் பார்ப்போம். முதலில் பார்ப்பது, என்ன அனுமானத்தில் இந்தக் கணக்கு போட்டார்கள் என்பதை. இங்கேயும் அதே கதைதான்.

ஒரு உதாரணம். இடுக்கின் விட்டம் உண்மையில் 6 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஸ்கேனில் அதை 5.5 என்று வரைந்துவிட்டால்? அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். விட்டம் குறைந்தால் வேகம் அதன் வர்க்கத்தில் ஏறும்; அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆக மொத்தம் நான்காம் மடி. 6ஐ 5.5ஆல் வகுத்து, நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். 1.42 வரும். அரை மில்லிமீட்டர் பிசகுக்கு அழுத்தக் கணக்கில் 42 சதவீதப் பிசகு! 20 என்ற கோட்டில் நிற்கும் குழந்தைக்கு இது சிகிச்சைக்கும் சிகிச்சையின்மைக்கும் உள்ள தூரம். சி.டி. படத்தின் ஒரு புள்ளியே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்த அனுமானம், குழாயின் முனைகள். கம்ப்யூட்டருக்குள் இருப்பது பெருந்தமனியின் ஒரு துண்டு. அதற்கு அப்பால் உள்ள உடம்பு முழுவதும் எவ்வளவு தடை கொடுக்கிறது என்பதை ஒரு மதிப்பாக நாம்தான் கொடுக்க வேண்டும். குழாய்ச் சுவர் விரிந்து சுருங்கும். பல கணக்குகளில் அதை இரும்புக் குழாய் மாதிரி அசையாததாக எடுத்துக்கொள்கிறார்கள். இப்படி ஒவ்வொன்றும்.

அதனால்தான் இந்தத் துறையில் மதிக்கத்தக்கவர்கள் கணக்கைப் போட்டதோடு நிற்பதில்லை. நிஜ அளவோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். பெர்லினில் உள்ள ஜெர்மன் இதய மையத்தைச் சேர்ந்தவர்கள் இதே பெருந்தமனிச் சுருக்கத்துக்கு எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து கணக்கிட்ட அழுத்த வித்தியாசத்தையும் கதீட்டரில் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2015இல் வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும். நன்றாகவே ஒத்துப்போனது. சிறிய ஆய்வுதான், ஆனால் பாதை சரி.

கணக்குக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. கதீட்டர் அளவு, பிள்ளை மயக்கத்தில் அசையாமல் படுத்திருக்கும்போது எடுத்தது. மைதானத்தில் ஓடும்போது? ரத்த ஓட்டம் இரண்டு மடங்கானால் அழுத்த வித்தியாசம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். மயக்கத்தில் இருக்கும் பிள்ளையை ஓடவிட முடியாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குழாயில் ஓடவிடலாம்.

குழந்தைகளின் இதயத்தில் இந்தக் கணக்கு முதலில் கைகொடுத்தது இன்னொரு கோளாறில். பிறக்கும்போதே வேலைசெய்யும் இதய அறை ஒன்றுதான் இருக்கும் குழந்தைகள். பிரான்சில் போர்தோ நகரத்து பிரான்சிஸ் ஃபோன்டான் 1968இல் இவர்களுக்கு ஒரு வழி கண்டார். பின்னால் அது பல வடிவம் எடுத்தது. இப்போது உடம்பிலிருந்து திரும்பி வரும் சிரைகளை நேராக நுரையீரல் தமனியோடு இணைத்துவிடுகிறார்கள். நடுவில் பம்ப் கிடையாது. பம்ப் இல்லாத பைப் லைனில் இரண்டு பக்கத்துத் தண்ணீர் நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும்? லண்டனில் சர்ஜன் மார்க் டி லெவாலும் மிலான் பாலிடெக்னிக் பொறியாளர்களும் 1996இல் இதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். மேலிருந்து வரும் சிரையையும் கீழிருந்து வரும் சிரையையும் நேருக்கு நேர் வைக்காமல் கொஞ்சம் தள்ளி இணைத்தால் மோதல் குறையும் என்று வந்தது. சர்ஜனின் தையல் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதில் ஒரு கணக்கு வாய் திறந்தது அப்போதுதான் என்று சொல்லலாம்.

அடுத்து அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக். அங்கே இந்த ஆராய்ச்சியை முன்னின்று நடத்தியவர் அஜித் யோகநாதன். (பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேனா இல்லையா, நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.) செயற்கை இதய வால்வுகளில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று சோதிப்பதில் உலகப் பெயர் பெற்ற ஆய்வுக்கூடம் அவருடையது. கல்லீரலிலிருந்து வரும் ரத்தம் ஒரு நுரையீரலுக்கு மட்டும் போய், மற்றதற்குப் போகாவிட்டால், போகாத நுரையீரலில் தமனியும் சிரையும் தாறுமாறாகப் பின்னிக்கொள்ளும். ஆக இரண்டுக்கும் பங்கு போக வேண்டும். எந்த இணைப்பில் பங்கு சரியாகப் பிரியும் என்று, கத்தி எடுக்கும் முன்பே அந்தக் குழந்தையின் படத்தில் பல விதமாக இணைத்துப் பார்த்து மருத்துவர்களிடம் காட்டினார்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் இது ஆராய்ச்சியைத் தாண்டி அன்றாடச் சேவையாகவே வந்துவிட்டது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படலாம். மாரடைப்பு பயத்தில் போகும்போது சி.டி. எடுத்து அடைப்பு இருக்கிறது என்பார்கள். அந்த அடைப்பு உண்மையிலேயே ரத்த ஓட்டத்தைக் கெடுக்கிறதா? அடைப்புக்கு அப்புறம் உள்ள அழுத்தத்தை முன்னால் உள்ளதால் வகுத்தால் 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் கெடுக்கிறது என்று கணக்கு. முன்பு இதை அளக்கக் கம்பி உள்ளே போக வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியராக இருந்த சார்லஸ் டெய்லர், கிறிஸ்டோபர் ஜாரின்ஸ் இருவரும் ஆரம்பித்த ஹார்ட்ஃப்ளோ நிறுவனம் சி.டி. படத்திலிருந்தே இதைக் கணக்கிட்டுத் தருகிறது. அமெரிக்க எஃப்.டி.ஏ. 2014 நவம்பரில் அனுமதித்தது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2017இல் பரிந்துரைத்தது. 2015இல் வந்த ஓர் ஆய்வில், ஆஞ்சியோ செய்வதாக முடிவாகியிருந்தவர்களில் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு 61 சதவீதம் பேருக்கு அது வேண்டாம் என்று ரத்தானது. குழாயில் சுண்ணாம்பு படிந்து படம் தெளிவில்லாமல் போனால் கணக்கும் தடுமாறும் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

சரி, கச்சாலுக்கு இதனால் என்ன?

உள்ளதை உள்ளபடி சொன்னால், இந்தக் கணக்கு இருந்திருந்தாலும் அந்தப் பெண் கப்பலேறித்தான் இருப்பாள். இங்கே சி.டி. கிடையாது. ஸ்டென்டைக் கம்ப்யூட்டர் வைக்காது. மிச்சமாகியிருக்கக் கூடியது சென்னையில் காத்திருந்த மூன்று வாரத்தில் ஒரு பகுதி. ஆனால் கதை அங்கே முடியவில்லையே. அவளுக்கு ஆயுள் முழுக்க அவ்வப்போது பரிசோதனை உண்டு. சுருக்கம் திரும்ப வந்துவிட்டதா, இன்னொரு முறை விரிக்கணுமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து பக்கத்துத் தீவான கமோர்ட்டா வரைக்கும் கடலடிக் கேபிள் வந்துவிட்டது. போர்ட் பிளேரில் எடுக்கும் படம் சென்னைக்குப் போய், கணக்காகித் திரும்பி வர முடியும். வித்தியாசம் 8 என்று வந்தால் வீட்டுக்குத் திரும்பலாம். 25 என்று வந்தால் அடுத்த விமானம். ஒவ்வொரு முறையும் சென்னை வரை போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பெரியவர் கேட்டாரே, "போய் இறங்கி ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிட்டா?" என்று. அந்தக் கேள்விக்கு இந்தத் துறை கொடுக்கக்கூடிய மரியாதையான பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இந்த வரிசையில் கம்ப்யூட்டர் மூன்றாவது படி. முதல் படி, ஒரு டாக்டர் குனிந்து குழந்தையின் தொடை இடுக்கில் இரண்டு விரலை வைத்தது. அவர் வைக்காமல் விட்டிருந்தால் எக்கோ இல்லை, கதீட்டர் இல்லை, எந்தச் சமன்பாடும் இல்லை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பரிசோதிக்கிறார்கள். பிறவி இதயக் கோளாறும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஊரில் உங்கள் அண்ணன் தம்பி பிள்ளைகள் இருந்தால், பரிசோதனை நாளன்று பள்ளிக்கு லீவு போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

துபாயோ, டொராண்டோவோ, எங்கே இருந்தாலும் அடுத்த முறை குழந்தைகள் டாக்டரிடம் போகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, கால் நாடி பார்த்தீர்களா? இரண்டு, சிறு வயதிலேயே பி.பி. அதிகமென்றால், கையில் பார்த்ததோடு காலிலும் பார்த்தீர்களா? காலில் அழுத்தம் கையை விடக் குறைவாக இருந்தால் விசாரிக்க வேண்டிய விஷயம். எக்கோவோ ஸ்கேனோ எடுத்து ஏதாவது எண் சொன்னால், அது அளந்ததா, கணக்கிட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கிட்டது என்றால் தப்பில்லை. கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 49க்கும் 28க்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் மூன்று வாரம் இருந்தது.

நகைக்கடன் போன மாதம் முடிந்தது. சங்கிலியும் தோடும் திரும்பிப் போய்விட்டன. அடுத்த பரிசோதனைக்கு ஜனவரியில், கடல் அமைதியாக இருக்கும்போது, கிளம்புகிறார்கள்.